காஜா பேராங்கில் வில்லன்கள் காய்ச்சலில் செத்தார்கள்

மலாயாவில் அந்நாளில் ஓடிய தமிழ்ப் படங்களில், கதாநாயகனின் கையால் அடிபட்டு மாண்ட வில்லன்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. மலாக்கா நகரத்து காஜா பேராங் பகுதியில், எங்கள் சங்க மண்டபத்தில் காட்டப்பட்ட படங்களில் மட்டும் ஒருவர்கூட அப்படி மாளவில்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். எங்கள் வில்லன்கள் அனைவரும் காய்ச்சலில்தான் செத்தார்கள்.

இதற்குக் காரணமானவரை நாங்கள் ஒரு நிமிஷக்காரர் என்று அழைத்தோம். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கும். அதை யாரும் பயன்படுத்தியதாக நினைவில்லை. வார நாள்களில் ஒரு பழைய வேனில் படக்கருவியை ஏற்றிக்கொண்டு தோட்டம் தோட்டமாகச் சென்று படம் காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் எங்களுக்கு உரியது. தகரக் கூரை வேய்ந்த அந்த மண்டபத்தின் ஜன்னல்களில் அரிசிச் சாக்குகளைத் தொங்கவிட்டு இருட்டாக்குவார்கள். உள்ளே புழுக்கம் தாங்காது. எந்த நாட்டு அரண்மனையைத் திரையில் பார்த்தாலும் எங்களுக்கு அரிசி வாசனைதான் வரும்.

அவருடைய முறை எளிமையானது. கதை நன்றாக நடந்துகொண்டிருக்கும். இரண்டு பேர் முறைத்துக்கொள்வார்கள். வார்த்தை தடிக்கும். ஒருவன் கையை ஓங்குவான், அல்லது வாளை உருவுவான். ஓங்கிய கை கீழே இறங்குவதற்குள் படம் நின்றுவிடும். கருவியின் பக்கத்தில் கட்டியிருந்த சைக்கிள் மணி ஒருமுறை ஒலிக்கும். மண்டபத்து விளக்கு பளிச்சென்று எரியும். வியர்த்துக் கண்களைச் சுருக்கிக்கொண்டிருக்கும் எங்களுக்கு நடுவே அவர் நடந்து வந்து, திரைக்கு முன்னால் நின்று, கையை உயர்த்துவார்.

"ஒரு நிமிஷம்! எல்லாரும் ஒரு நிமிஷம். இப்ப இவரு அடிக்கப் போறாரு. அடிச்சா என்ன ஆகும்னு நமக்குத் தெரியும். அடிக்காம இத முடிக்க வழி இருக்கா? சொல்லுங்க."

அந்த ஒரு நிமிஷம் பெரும்பாலும் அரை மணி நேரம் நீடிக்கும். ஒருமுறை இரண்டு ராஜாக்கள் ஓர் எல்லைக் கோட்டைக்காக வாளை உருவியபோது ஐம்பது நிமிஷங்கள் ஆயின. லாரி ஓட்டும் ஒருவர், திங்கள் புதன் வெள்ளி ஒருவரும் செவ்வாய் வியாழன் சனி இன்னொருவரும் ஆளலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை யார் என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை இருவருமே படம் பார்க்க வந்துவிடலாம் என்று முடிவானது.

தீர்ப்புச் சொல்லியாயிற்று என்பதற்காகப் படம் மாறிவிடாது அல்லவா? உள்ளே பதிவாகியிருக்கும் சண்டையை அவரால் அழிக்க முடியாது. ஆகவே மணி இருமுறை ஒலித்து விளக்கு அணைந்ததும், கருவியை ஓடவிட்டு, தம் உள்ளங்கையைக் கண்ணாடி வில்லைக்கு முன்னால் வைத்துக்கொள்வார். வாள்கள் மோதும் ஓசை கேட்கும், குதிரை கனைக்கும், யாரோ அலறுவார்கள், திரையிலோ அவருடைய ஐந்து விரல்களின் நிழலும் அவற்றின் இடுக்கில் மங்கிய சிவப்பும்தான் தெரியும். கையை எடுக்கும்போது ஒரு ராஜா தரையில் கிடப்பார்.

"அண்ணே! இப்பத்தானே சமாதானம் ஆச்சு? இவரு எப்படிச் செத்தாரு?"

"காய்ச்சல்," என்பார் ஒரு நிமிஷக்காரர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "நல்ல மனுஷன். திடீர்னு வந்துருச்சு."

இதை எல்லோரும் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதினால் அது பொய். இளைஞர் அணி ஒன்று இருந்தது. அதன் தலைவர் எங்கள் தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பண்டார் ஹிலிர் பக்கம் இருந்த கொட்டகையில் சண்டைகளை முழுமையாகக் காட்டுகிறார்கள் என்பதால், அவர் ஒருமுறை தம் ஆள்களைத் திரட்டிக்கொண்டு அங்கே போனார். அடுத்த ஞாயிறே திரும்பி வந்துவிட்டார்.

"என்ன தம்பி, அங்க படம் நல்லா இல்லையா?" என்று கேட்டேன்.

"சண்டை என்னமோ நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர். பத்துப் பேர அடிக்கிறான். ஆனா நம்மள ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கிறானுங்க லா. சும்மா உக்காந்து பாக்க வேண்டியதா இருக்கு."

நான் அப்போது தமிழ்ப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியை. இருபது வயது. புத்தகங்களில் அகிம்சையைப் பற்றி நிறையப் படித்திருந்தேன். அது புழுக்கத்தில் இவ்வளவு சத்தமாக நடக்கும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

அந்த மண்டபத்தில் நீதிபதிகள் பலர் இருந்தாலும் உச்ச நீதிமன்றம் ஒன்றுதான். அவரை எல்லோரும் மாக்சிக் என்று அழைத்தோம். மலாயில் அத்தை என்பதுபோல. தெருவுக்கு அடுத்தாற்போல் இருந்த மலாக்கா செட்டிக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். கோயிலுக்கு எங்களைப் போலவே போவார், திருநீறு பூசுவார், ஆனால் அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பேசியது மலாய்தான். சாமி பெயர்களையும் சில உறவுப் பெயர்களையும் தவிரத் தமிழ் தெரியாது. கெபாயா என்னும் மலாய் மேற்சட்டை அணிந்து, மடியில் ஒரு பலகார டப்பாவுடன் முதல் வரிசைப் பாயில் அமர்ந்து, ஒரு படம் விடாமல் பார்ப்பார்.

வசனம் எதுவும் புரியாததால், முகங்களை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அவர் வழக்கம். ஒரு படத்தில் கொடிய சேனாதிபதி ஒருவன். அவனை நாடு கடத்துவதா, மன்னிப்பதா என்று நாங்கள் அடுக்குமொழியில் வாதிட்டுக் களைத்தபோது, மாக்சிக் திரையைக் கையால் சுட்டிக்காட்டி, "பெலும் மாக்கான்!" என்றார். இன்னும் சாப்பிடவில்லை என்று பொருள். யோசித்துப் பார்த்தோம். உண்மைதான். ராஜா விருந்து உண்கிறார், மந்திரி பழம் தின்கிறார், கதாநாயகன் பால் குடிக்கிறான். சேனாதிபதிக்கு மட்டும் தொடக்கத்திலிருந்து யாரும் ஒரு கவளம் கொடுக்கவில்லை. அன்று முதல் காஜா பேராங்கில் யார் கோபப்பட்டாலும் "பெலும் மாக்கான் போல," என்று சொல்வது வழக்கமாகிவிட்டது.

படம் மண்டபத்தோடு நிற்கவில்லை. தெருக்குழாயடியில் வாளியை ஓங்கிய பெண்மணி ஒருவர், வரிசையில் யாரோ "ஒரு நிமிஷம்!" என்றதும் ஓங்கிய கையோடு சிரித்துவிட்டார். என் வகுப்பில் இரண்டு மாணவர்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டால் மூன்றாமவன் விளக்கைப் போட ஓடுவான். எங்கள் பள்ளியில் மின்விளக்கு கிடையாது. ஆகவே ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பான். வெளிச்சம் முகத்தில் அடித்ததும் சண்டை போடுகிறவர்கள் வெட்கப்படுவார்கள். என் ஆசிரியப் பணியில் நான் கண்ட மிகச் சிறந்த கற்பித்தல் கருவி அந்த ஜன்னல்தான்.

இத்தனைக்கும் பிறகு, ஊரே அறிந்த ஒரு செய்தியை நான் சொல்லியாக வேண்டும். ஊருக்கெல்லாம் சமாதானம் செய்துவைத்த ஒரு நிமிஷக்காரர், தம் சொந்தத் தம்பியோடு ஆறு ஆண்டுகளாகப் பேசுவதில்லை.

தம்பி வெளியூரில் இருந்திருந்தால் அதில் வியப்பு இல்லை. தம்பிதான் மண்டபத்துக்குப் பின்னால் மின்சார இஞ்சினை இயக்குகிறவர். மண்டபத்து விளக்கின் சுவிட்சும் அவர் கையருகில்தான். அண்ணன் மணியை ஒருமுறை அடித்தால் விளக்கைப் போடுவார். இருமுறை அடித்தால் அணைப்பார். மும்முறை அடித்தால் இஞ்சினையே நிறுத்துவார். இருவருக்கும் இடையே இருந்த மொழி இந்த மூன்று ஒலிகள்தான். ஒரே வாடகை வீடு. அண்ணன் சமைப்பார், தம்பி பாத்திரம் கழுவுவார். சாம்பாரில் உப்புக் குறைந்தால் தம்பி அண்டை வீட்டாரிடம் சொல்வார். அவர்கள் அண்ணனிடம் சொல்வார்கள். மறுநாள் உப்பு சரியாக இருக்கும். காரணம் என்ன என்று யாருக்கும் தெரியாது. கேட்டவர்களிடம் அண்ணன் "ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவின் விடுதலை, வந்த ஆண்டில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: இங்கேயே இருப்பதா, இந்தியாவுக்குத் திரும்புவதா? இருப்பதென்று முடிவு செய்தவர்களுக்குக் குடியுரிமை மனு எழுதிக் கொடுப்பது என் வேலையானது. ஒரு மாலை ஒரு நிமிஷக்காரர் வந்தார்.

"டீச்சர், ரெண்டு பாரம் எழுதணும். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு அந்த இஞ்சின்காரருக்கு."

"அவரு வந்து கையெழுத்துப் போடணுமே."

"போடச் சொல்லுங்க."

"நீங்களே சொல்லலாமே. ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?"

"ஒரு நிமிஷம்," என்று எழுந்தார். அவர் வாழ்க்கையிலேயே மிகக் குறுகிய ஒரு நிமிஷம் அதுதான். அன்று அவர் திரும்பி வரவில்லை.

அவருடைய மனு முடிந்து போய்ச் சேர்ந்தது. தம்பியினுடையது கையெழுத்துக்கான இடம் வெறுமையாக என் மேசையிலேயே கிடந்தது. சில வாரங்கள் கழித்து ஒரு சனிக்கிழமை தம்பியை வழியில் கண்டு நினைவூட்டினேன்.

"எனக்கு வேணாம் டீச்சர். பினாங்குல கப்பல் ஏறுறேன். வர்ற புதன்கிழமை. நாகப்பட்டணம்."

"அங்க உங்களுக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்புறம் எதுக்குப் போறீங்க?"

அவர் கையிலிருந்த எண்ணெய்த் துணியை மடித்தார். "இங்க மட்டும் யாரு இருக்கா, டீச்சர்?"

"அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"மூணு அடிதான் வச்சிருக்கோம்," என்றார். "இதுக்கு மணியில அடி இல்ல."

மறுநாள் ஞாயிறு. அவர் இஞ்சின் ஓட்டும் கடைசி ஞாயிறு. அது எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். அன்று பார்த்துக் குடும்பப் படம் ஒன்று பெட்டியில் வந்திருந்தது. அண்ணன், தம்பி, ஒரு கூட்டுக் குடும்பம். வாள் கிடையாது, குதிரை கிடையாது என்று இளைஞர் அணி ஏற்கெனவே சோர்ந்திருந்தது. பாதிப் படத்தில், ஊரார் கூடியிருக்கும் முற்றத்தில் அண்ணன் தம்பியைப் பார்த்துக் கையை ஓங்கினான்.

நாங்கள் எல்லோரும் பழக்கத்தால் கண்களைச் சுருக்கிக்கொண்டோம். மணி ஒலிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ஒரு நிமிஷக்காரர் மணியில் விரலை வைத்தபடி நின்றிருந்தார். விரல் அசையவில்லை. திரையில் கை இறங்கத் தொடங்கியது. அந்தக் கணத்தில் மண்டபத்து விளக்கு தானாகவே எரிந்தது. ஓடிக்கொண்டிருந்த படம் வெளிச்சத்தில் கரைந்து வெள்ளைத் துணியாகிவிட்டது. அடி விழுந்ததா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை.

மணி அடிக்காமல் விளக்கு எரிந்தது அதுவே முதல்முறை. ஜன்னல் சாக்கின் கிழிசல் வழியாகத் தம்பி ஆறு ஆண்டுகளாகப் படம் பார்த்துவந்தார் என்பது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நிமிஷக்காரர் கருவியை நிறுத்தினார், முன்னால் வரவில்லை. மண்டபம் காத்திருந்தது. புதன்கிழமை கப்பல் என்ற எண்ணம் ஒன்றே என் மனத்தில் இருந்தது. எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை.

"ஒரு நிமிஷம்!" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

மாக்சிக் என்னைத் திரும்பிப் பார்த்து, "சியாப்பா காடோ?" என்றார். யார் சண்டை என்று கேட்கிறார். நான் திரையைச் சுட்டவில்லை. மண்டபத்தின் பின்பக்கம் கருவியருகே நின்றவரையும், அதற்குள் வாசலுக்கு வந்து துணியால் கை துடைத்துக்கொண்டிருந்தவரையும் சுட்டினேன். தம்பி புதன்கிழமை கப்பலேறுகிறார் என்பதையும் மலாயில் சொன்னேன். அண்ணனுக்கு அது அப்போதுதான் தெரிந்தது. அவர் மெல்லக் கருவியைப் பிடித்துக்கொண்டார்.

இருவரையும் மாக்சிக் தம் பாயில் இரு பக்கமும் உட்காரவைத்தார். என்ன நடந்தது என்று கேட்டார். ஆறு ஆண்டுகளாக இருவரும் மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவைத்திருந்த வழக்குகள் ஒரே நேரத்தில் தமிழில் வெடித்தன.

"தங்கச்சி கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு மால போடுறது மூத்தவன் உரிமை! நான் வர்றதுக்குள்ள..."

"முகூர்த்தம் தாண்டப் போவுது, இவரு தோட்டத்துல படம் காட்டிக்கிட்டு இருக்காரு! நான் போடலன்னா வேற யாரு..."

"முறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா? சபையில என்னைய..."

மாக்சிக் இரண்டு கைகளையும் உயர்த்தினார். தமக்குத் தமிழ் தெரியாது என்றார். "சாக்காப் மெலாயு." மலாயில் சொல்.

இங்கேதான் அது நடந்தது. சகோதரர்கள் இருவருக்கும் தெரிந்தது சந்தை மலாய். மீன் வாங்கவும் வழி கேட்கவும் போதுமானது. மூத்த மைத்துனனின் உரிமை, முகூர்த்தம், முறை, சபை மரியாதை, இவற்றில் ஒன்றுக்கும் அதில் இடமில்லை. தம்பி சொற்களைத் தேடினார். நெடுநேரம் தேடினார். பிறகு அண்ணனைச் சுட்டி, "டியா மாரா," என்றார். அவருக்குக் கோபம். தம்மைச் சுட்டி, "சாயா மாரா." எனக்கும் கோபம். இன்னும் தேடி, "சூடா லாமா," என்று முடித்தார். ரொம்ப நாளாச்சு.

"இத்து சாஜா?" என்றார் மாக்சிக். இவ்வளவுதானா?

மண்டபம் சிரித்தது. சைக்கிள் கடைக்காரர் பெஞ்சிலிருந்து சரிந்தே விட்டார். ஒரு நிமிஷக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தம் வலது உள்ளங்கையை, ஆறு ஆண்டுகளாக எங்களுக்கும் சண்டைக்கும் நடுவில் வைத்திருந்த அந்தக் கையை, பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாக்சிக்கிடம் மிக மெல்லிய குரலில் சொன்னார்.

"சாயா புக்குல் டியா. சத்து காலி."

நான் அவனை அடித்தேன். ஒரு தடவை.

சிரிப்பு நின்றுவிட்டது. வெளியூரில் நடந்த தங்கையின் கல்யாணப் பந்தலில், அந்த ஊரார் நடுவே, விழுந்துவிட்ட ஓர் அடி. அன்று அங்கே மணி இல்லை; விளக்குப் போட ஆள் இல்லை. தாய்மொழியில் ஆறு ஆண்டுகளாக வாய்க்கு வராத சொல், அவருக்குச் சரியாகத் தெரியாத மொழியில் வந்துவிட்டது.

மாக்சிக் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும்; ஆனாலும் அவர் வாயால் கேட்கக் காத்திருந்தோம்.

"பெலும் மாக்கான்," என்றார். டப்பாவைத் திறந்து, வாழையிலையில் மடித்த, புளுட் என்னும் பசையரிசியில் செய்த பலகாரத்தை ஆளுக்கொன்றாகக் கையில் வைத்தார். அவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டு நாங்கள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் வியர்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.

பாதி தின்ற பிறகு, இலையைப் பார்த்தபடியே தம்பி சொன்னார்: "மணி அடிக்க மறந்துட்டீங்க அண்ணே."

"அதான் நீ போட்டுட்டியே," என்றார் அண்ணன்.

"மீதிப் படத்தப் போடுங்க லா!" என்று இளைஞர் அணி கத்தியது. தம்பி எழுந்து இஞ்சினுக்குப் போனார். அண்ணன் கருவிக்குப் போனார். மணியை அடிக்க விரலை நீட்டியவர், ஒரு கணம் தயங்கிவிட்டு, மண்டபமே அதிரும்படி, "தம்பி! லைட்ட அணைப்பா!" என்று கத்தினார். அணைந்தது.

புதன்கிழமை கப்பல் போனது. அன்று மாலை தம்பி என் மேசையில் கையெழுத்துப் போட்டார். எண்ணெய்க் கறையோடு கட்டைவிரல் பதிந்துவிட்டதால் வேறொரு பாரம் எழுத வேண்டியதாயிற்று. கறைபட்டதை நான் தூக்கி எறியவில்லை.

அதன் பிறகும் பல ஆண்டுகள் படம் காட்டினார்கள். மணியைக் கழற்றிச் சைக்கிள் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். இருவரும் பேசத் தொடங்கியதிலிருந்து எங்களுக்குத்தான் தொல்லை. எந்தத் தீர்ப்பு நியாயம் என்று இருபுறமிருந்தும் கத்திக்கொண்டே இருப்பார்கள், வசனம் ஒன்றும் காதில் விழாது. தொலைக்காட்சி வந்து மண்டபம் காலியான பிறகும், அண்ணன் தம் ஐந்து விரல்களை யார்மீதும் ஓங்கி நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு நாள் காலை தம்பி என் வகுப்பறை வாசலில் வந்து நின்றார். கையில் எண்ணெய்த் துணி இல்லை. அதிலிருந்தே புரிந்துவிட்டது.

"அண்ணனுக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"காய்ச்சல், டீச்சர்," என்றார். "நல்ல மனுஷன். திடீர்னு வந்துருச்சு."

சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அழுதுகொண்டே இருவரும் சிரித்துவிட்டோம்.

அவர் போன பிறகு உள்ளே வந்து, யாரும் சண்டை போடாதபோதே, வகுப்பின் ஜன்னல்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்தேன்.